ஹோட்டன் சமவெளியில் ஒரு சுற்று: மூடுபனி ஆறாகும் இடம்

நுவரெலியாவில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு, நாளைக்கு ஹோட்டன் சமவெளிக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். வான் ஓட்டுகிறவர், விடுதிக்காரர், பக்கத்து மேசையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பவர் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். விடிய நாலரைக்கே வெளிக்கிடுங்கள், ஒன்பது மணி தாண்டினால் மூடுபனி வந்துவிடும், ஒன்றும் தெரியாது.

அறிவுரை சரியானதுதான். ஆனால் அதனால் ஒரு பழக்கமும் வந்துவிட்டது. வாகனத்தை விட்டு இறங்கியதும் ஆட்கள் உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பள்ளத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். பள்ளத்தின் விளிம்பில் படம் எடுக்கிறார்கள். திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியை எட்டிப் பார்த்துவிட்டு, பதினொரு மணிக்கு வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். மூடுபனி அவர்களுக்கு எதிரி. அது வருவதற்குள் தப்பித்துவிட வேண்டும்.

அந்த மூடுபனியும் அந்த நீர்வீழ்ச்சியும் ஒரே கதையின் இரண்டு முனைகள். பனி எப்படி வருகிறது, மரம் அதை எப்படிப் பிடிக்கிறது, பிடித்த நீர் எங்கே போகிறது என்பது தெரிந்தால், இந்தச் சுற்று நடையில் பார்க்க வேண்டியவற்றின் வரிசையே மாறிவிடும். காட்சி கிடைக்காத நாள்கூட வீணாகாது. அதற்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் இடம். இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் ஓர் அகன்ற மேட்டுநிலம் இருக்கிறது. நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்களான கிரிகல்பொத்தவும் தொட்டுபொல கந்தவும் இதன் ஓரங்களில் நிற்கின்றன. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து கிளைகள் பிறக்கின்றன. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. 1969ல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த ஏறத்தாழ 3,160 ஹெக்டயர் நிலம், சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்ந்து 2010ல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஹோட்டன் என்பது 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மொட் ஹோட்டனின் பெயர். 1834ல் இரண்டு பிரித்தானியப் படை அதிகாரிகள் வேட்டைக்கு வந்தபோது இந்த இடத்தைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தார்கள். கீழேயுள்ள ஊர்களில் இருந்தவர்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இதை மகா எலிய என்று அழைத்து, ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சுற்று நடையின் மொத்தத் தூரம் ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீற்றர். ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தருகே தொடங்கி, சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். வேகமாக நடப்பவர்களுக்கு மூன்று மணி நேரம் போதும். நான் சொல்வது அந்த வேகத்தை அல்ல. ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது உள்ளே போய், மதியம்வரை நின்று பார்த்து நடந்து, பிறகு ஒஹிய ரயில் நிலையத்துக்குக் கால்நடையாகவே இறங்கினால் ஒரு முழு நாளும் காட்டோடு போகும். ஃபார் இன்னிலிருந்து ஒஹிய நிலையம் ஏறக்குறைய 11 கிலோமீற்றர். இரண்டையும் சேர்த்தால் இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பழகிய கால்களுக்கு அது பெரிய தூரமில்லை.

அப்படி நடக்க நினைப்பவர்கள் முதல் நாள் இரவு ஒஹியவிலேயே தங்குவது நல்லது. அங்கிருந்து விடியற்காலையில் ஆட்டோ பிடித்து மேலே போய்விடலாம். நுவரெலியாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பட்டிப்பொல வழி. அங்குள்ள நிலையம்தான் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம், 1,890 மீற்றருக்கு மேலே. மழைக்காலத்தில் மண் சரிந்து மலைநாட்டு ரயில் பாதை தடைப்படுவது வழக்கம் என்பதால், ரயிலை நம்பிப் போகிறவர்கள் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உறை, பிஸ்கட் சுற்றிய தாள் எதையும் உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டை வீட்டிலேயே வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிக்கொண்டு போனால் அந்த இடத்தில் நேரம் போகாது. இந்தச் சோதனை எதற்கு என்று புரிய வேண்டுமானால் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி நிற்கும் மரைகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கடமான் என்று சொல்வது இதைத்தான். ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆண் மரை, கிளைவிட்ட கொம்போடு, மூக்கிலிருந்து ஆவி பறக்க, உங்கள் கைப்பையை முகர வரும். மனிதர் கொடுத்துக் கெடுத்த பழக்கம் அது. உணவு மணக்கும் பொலித்தீனையும் அது சேர்த்து விழுங்கிவிடும், விழுங்கியது வயிற்றில் அப்படியே கிடக்கும். படம் எடுக்க ஆசைப்பட்டு ஒரு துண்டு பாண்கூட நீட்டாதீர்கள். இந்தக் காட்டுச் சிறுத்தைகளுக்கு முக்கிய இரை இந்த மரைதான். அது காட்டில் மேய வேண்டிய விலங்கு.

ஃபார் இன்னைத் தாண்டியதும் புல்வெளி தொடங்குகிறது. பத்தனை என்று சொல்லும் மலைப் புல்நிலம். மேட்டில் காய்ந்த புல், பள்ளத்தில் கொத்துக் கொத்தாக நிற்கும் ஈரப்புல். பள்ளங்களில் பாதையை விட்டு ஒரு அடி வைத்தாலும் சப்பாத்து கறுத்த சேற்றில் புதையும். அந்தக் கறுப்பு, குளிரினாலும் ஈரத்தினாலும் முழுதும் மக்காமல் காலங்காலமாகச் சேர்ந்த தாவரக் கழிவு. மழை பெய்யும்போது அது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகு சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. ஓடைகளின் கரையில் குட்டை மூங்கில் அடர்ந்திருக்கும்.

நீலகிரியையோ மூணாறையோ பார்த்தவர்களுக்கு இந்த நிலம் புதிதாகத் தெரியாது. புல்மேடு, மடிப்புகளில் சோலை, சோலைக்கு வெளியே தனியாக நிற்கும் முறுக்கிய மரம். சிங்களத்தில் மகாரத்மல் எனப்படும், சிவப்பாகப் பூக்கும் ரொடோடென்ட்ரன் மரத்தின் நெருங்கிய உறவு நீலகிரியிலும் நிற்கிறது. இங்கே காட்டின் அடியில் வளரும் நெலுச் செடி குறிஞ்சியின் இனம். நீலகிரிக் குறிஞ்சியைப்போலவே இதிலும் சில வகைகள் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடிகின்றன. 2013ல் பூத்தது, 2025ல் மறுபடியும் பூத்தது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இலங்கையும் இந்தியாவும் தரைவழி இணைந்திருந்தன. குளிர்மலைத் தாவரங்களின் இந்த ஒற்றுமையைப் பார்க்கும்போது அந்தப் பழைய இணைப்பு கண்ணெதிரே வருகிறது.

சற்றுத் தூரத்தில் பெலிஹுல் ஓயாவைக் கடக்க வேண்டும். இந்த நாளின் மையம் இந்த ஓடைதான். இந்த மேட்டுநிலத்தின் குளிர்ந்த ஓடைகளில் மட்டும் வாழும் ஒரு சிறு இறால் இனம் உண்டு. கண்ணாடிபோலத் தெளிந்த நீரில், கல்லுக்கடியில், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உடம்போடு அது ஒதுங்கியிருக்கும். அதே ஓடையில் ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனும் நீந்துகிறது. வந்த மீன் இந்த மண்ணின் இறாலைத் தின்கிறது. ஓடையருகே ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள், இரண்டில் ஒன்றாவது தென்படும்.

பிறகு பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று சின்ன உலக முடிவுக்கு, மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. வளையம் என்பதால் எதில் தொடங்கினாலும் சுற்றி வந்துவிடலாம். காலையில் போகிறவர்கள் பள்ளத்தின் பக்கம் முதலில் போவதே நல்லது. நீர்வீழ்ச்சி எங்கும் ஓடிவிடாது, மூடுபனியில் அது இன்னும் அழகாகவே இருக்கும்.

பள்ளத்தின் பக்கம் போகும் வழியில் காட்டுக்குள் நுழைகிறோம். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் இது. முகில்காடு என்று இதைச் சொல்வார்கள். மரங்கள் உயரமானவை அல்ல, கூடிப்போனால் இருபது மீற்றர். காற்று அடிக்கும் மேடுகளில் அதைவிடக் குட்டை. கீன மரங்களின் தலைகள் குடைபோல விரிந்து, ஒன்றோடொன்று முட்டி, மேலே ஒரு தளமாகிவிடுகின்றன. தண்டு எதுவும் நேராக இருக்காது. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல்போல விறைத்தவை. குளிர், பலத்த காற்று, சத்துக் குறைந்த மண், மேகம் மறைத்த வெயில் எல்லாம் சேர்ந்து மரத்தை மெதுவாகத்தான் வளர விடுகின்றன. இங்கே கைப்பருமனுள்ள ஒரு மரம்கூட நம் பாட்டனாரைவிட வயதானதாக இருக்கலாம்.

ஒரு கிளையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மரப்பட்டை கண்ணில் படாது. பாசி அதை முழுதாக மூடியிருக்கும், அந்தப் பாசியின்மேல் சிறு பன்னங்கள், அவற்றுக்கிடையே நகத்தளவு பூவோடு ஓர் ஓர்க்கிட். கிளை நுனியிலிருந்து சாம்பல் பச்சை நிறத்தில் தாடிபோல ஒரு இலைக்கன் தொங்கும். அந்தத் தாடியின் ஒவ்வொரு இழையிலும் நீர்த்துளிகள் வரிசையாகக் கோத்திருக்கும். இழையின் அடியில் ஒரு துளி பெருத்து, நடுங்கி, விழும். உடனே இன்னொன்று பெருக்கத் தொடங்கும். மழை பெய்யவில்லை. வானத்திலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் மரத்தடி நனைந்து சேறாகிக் கிடக்கிறது. இரண்டு அடி தள்ளித் திறந்த புல்வெளியில் பாதைக் கற்கள் ஈரப்பதமாக மட்டும் இருக்கின்றன.

இந்த வித்தியாசம்தான் விஷயம். மழைத்துளி கனமானது, அதனால் தானே விழுகிறது. மூடுபனியின் துளி ஒரு தலைமயிரின் தடிமனைவிடச் சிறியது. அது விழுவதற்குப் போதிய கனமில்லாமல் காற்றோடு மிதந்துகொண்டேயிருக்கும். தடுப்பு எதுவுமில்லாத வெளியில் அது அப்படியே கடந்து போய்விடும். குறுக்கே ஒரு இலையோ பாசி இழையோ நின்றால், காற்று வளைந்து போகும், துளி வளைய முடியாமல் மோதி ஒட்டிக்கொள்ளும். அடுத்த துளி அதோடு சேரும். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் கனம் வந்து சொட்டும். சிறிய இலையும் மெல்லிய இழையும் துளி பிடிப்பதற்கு அகன்ற இலையைவிடத் தோதானவை. இந்தக் காட்டில் அவைதான் எங்கும் நிறைந்திருக்கின்றன. மழைமானியில் விழாத இந்த நீர், மழை பெய்யாத மாதங்களில் காட்டுக்கு ஒரு தனி வரவு. பாசியும் மட்கும் அதைப் பஞ்சுபோல உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்ணுக்குள் விடுகின்றன.

மரத்தை வெட்டினால் மழை குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். முகில்காட்டில் நடப்பது அதைவிட நேரடியானது. மேகம் வழக்கம்போல வந்தாலும் அதைப் பிடிக்கக் கைகள் இருக்காது.

இங்கே வாழும் சில உயிர்கள் வேறெங்கும் இல்லை. கொம்புபோல ஒன்றை மூக்கின்மேல் சுமக்கும் ஓணான் ஒன்று, பாசி படிந்த தண்டில் தண்டாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். கரடிபோல அடர்ந்த மயிர்கொண்ட மலை மந்திகள் காலையில் எழுப்பும் கரகரத்த குரல் தூரத்துக்குக் கேட்கும். தேவாங்கின் மலை வகை ஒன்று நெடுங்காலம் அழிந்துவிட்டதாகவே எண்ணப்பட்டது. 2002ல் மீண்டும் காணப்பட்டு, 2009ல்தான் முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்டது. அது இரவு விலங்கு, பகல் நடையில் கண்ணில் படாது. அது உறங்கும் மரத்தடியால் நீங்கள் சத்தம் போடாமல் போகலாம், அவ்வளவுதான்.

யானை இப்போது இங்கே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டையும் சுற்றியெழுந்த தோட்டங்களும் அதைத் துரத்திவிட்டன.

சின்ன உலக முடிவில் நிலம் முதல்முறையாக முறிகிறது, ஏறத்தாழ 270 மீற்றர் பள்ளம். பலர் இங்கே நிற்காமல் போய்விடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். கூட்டம் குறைவு, காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து பள்ளத்தாக்கின் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். இங்கிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் பெரிய உலக முடிவு. அங்கே ஏறத்தாழ 880 மீற்றர் நேர்ச்சரிவு. வானம் தெளிந்திருந்தால் தெற்கே சமனலவெவ, உடவளவ நீர்த்தேக்கங்கள் வெள்ளித் தகடுகளாகத் தெரியும். அதற்கப்பால் எண்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடலின் கோடும் சில நாட்களில் தெரிவதுண்டு.

காலடியில் தெரிவது நொன்பரெய்ல் தேயிலைத் தோட்டம். பச்சைச் சரிவுக்கு நடுவே தகரக்கூரை வரிசை ஒன்று தெரிந்தால் அது தோட்டத் தொழிலாளர் வாழும் லயம். இந்த மலைகளின் காட்டை முதலில் கோப்பிக்காகவும், 1869ல் வந்த இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலைக்காகவும் வெட்டித் தள்ளினார்கள். வெட்டவும் நடவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று மலையகத் தமிழர். வெட்டு இந்த மேட்டுக்கும் ஏறி வந்திருக்கும். 1873ல் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாமல் விடும்படி ஆலோசனை சொன்னார். நீரூற்றுகளையும் மண்ணையும் காப்பதற்கென்று வந்த அந்த வரையறையால்தான், நீங்கள் காலையில் கடந்து வந்த முறுக்கு மரங்கள் இன்னும் நிற்கின்றன. விளிம்பில் நின்று கீழே தேயிலையையும் முதுகுக்குப் பின்னால் காட்டையும் பார்த்தால், வெட்டிய இடமும் விட்ட இடமும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

ஒன்பது, ஒன்பதரை ஆகும்போது பள்ளத்துக்குள்ளிருந்து வெண்மை ஏறத் தொடங்கும். இதை நேரடியாகப் பார்ப்பது ஒரு பேறு. கீழே தொலைவில் விரியும் தாழ்நிலம் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட நூறு மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. காலை வெயிலில் அந்த நிலம் சூடேற, அதன்மேல் உள்ள ஈரக்காற்றும் சூடாகி எழும்புகிறது. மலைச்சுவர் குறுக்கே நிற்பதால் அந்தச் சுவரோடு ஒட்டி மேலே வருகிறது. உயர ஏற அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் தாங்க முடியாது. மிகுதி நுண்துளிகளாகிவிடும். விளிம்புக்கு வரும்போது அது ஒரு முழு முகில். அரைமணி நேரத்தில் பள்ளம் மறையும், பிறகு பக்கத்தில் நிற்பவரின் முகமும் மங்கும். வெயில் தாமதமாக வரும் நாட்களில் இது பத்தரை வரை தள்ளிப் போகும், மழைக்கால ஈரத்தில் ஏழு மணிக்கே தொடங்கிவிடும்.

மற்றவர்கள் சலித்துக்கொண்டு திரும்பும் நேரம் இது. நீங்கள் காட்டோரமாக ஓர் இடத்தில் அமருங்கள். விளிம்பைத் தாண்டிய முகில் நேரே காட்டுக்குள் நுழைவதையும், மரங்களின் முன்வரிசை ஒவ்வொன்றாகச் சாம்பலாவதையும் பார்க்கலாம், சிறிது நேரத்தில் சொட்டுச் சத்தம் கூடுவதையும் கேட்கலாம். உலக முடிவில் காணக்கூடியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். தெளிந்த வானத்தில் தெரியும் கடலைவிடவும்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2015ல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து இங்கே விழுந்தார். கீழே ஒரு மரம் தடுத்ததால் உயிர் தப்பினார். படையினர் கயிறு கட்டி இறங்கி அவரைத் தூக்கினார்கள். எல்லோருக்கும் அப்படி மரம் கிடைக்காது. மூடுபனி வந்த பிறகு விளிம்பு எங்கே முடிகிறதென்று தெரியாது, புல் ஈரத்தில் வழுக்கும். பிள்ளைகளின் கையை விடக்கூடாது, படம் எடுப்பவர் நின்ற இடத்திலிருந்து காலைப் பின்வைக்கக் கூடாது.

உலக முடிவிலிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். பாதையில் வெள்ளைப் பளிங்குக் கற்கள் உருண்டு கிடக்கும். பலருடைய கால் பட்டும் மழைநீர் அரித்தும் சில இடங்களில் பாதை இடுப்பளவு வாய்க்காலாகிவிட்டிருக்கிறது. மழை நாட்களில் அது உண்மையான வாய்க்காலாகவே ஓடும், அதனால் அடியில் பிடிப்புள்ள சப்பாத்து தேவை. ரப்பர் செருப்போடு வந்து தடுமாறுபவர்களை இந்த இடத்தில் எப்போதும் பார்க்கலாம். பாதையோரப் புல்லில் ஏறி நடந்தால் பாதை மேலும் அகன்று அரிக்கும். ஈரமானாலும் பாதையிலேயே நடப்பது நல்லது.

அருவியின் சத்தம் முதலில் கேட்கும். பிறகு செங்குத்தான படிகளில், வேர்களையும் கைப்பிடியையும் பற்றிக்கொண்டு இறங்க வேண்டும். இந்தச் சுற்றில் முழங்கால் நோகும் இடம் இது ஒன்றுதான். கீழே மேடையில் நின்றால் எதிரே அருவி. உயரம் ஏறத்தாழ 20 மீற்றர். இலங்கையின் பெரிய அருவிகளோடு ஒப்பிட்டால் சிறிய பிள்ளை. பெலிஹுல் ஓயா கறுத்த பாறை முகத்தின்மேல் விசிறியாக விரிந்து, படிப்படியாக உடைந்து, நுரைத்து விழுகிறது. இரு பக்கமும் மரப்பன்னங்களும் ரொடோடென்ட்ரன்களும். தெறிக்கும் சாரலால் சுற்றியுள்ள ஒவ்வொரு இலையும் நாள் முழுவதும் ஈரம். குளிக்க ஆசை வரும், இறங்காதீர்கள். நீர் கடுங்குளிர், பாறை பாசியால் வழுக்கும், கீழே ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

வறண்ட மாதங்களிலும் இந்த அருவி ஓடிக்கொண்டிருக்கும். பல வாரங்கள் மழையில்லாமல் இருந்த பெப்ரவரியில் வந்து நின்றாலும் நீர் விழும். காலையில் மரத்தடியில் பார்த்த சொட்டும், சப்பாத்து புதைந்த கறுத்த சேறும்தான் அதற்குக் காரணம்.

பெயருக்குரிய சாமுவேல் பேக்கர், 1848ல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணைக் குடியேற்றத்தை உருவாக்க வந்தவர். வேட்டைநாய்க் கூட்டத்தோடு இந்தச் சமவெளியில் மரைகளைத் துரத்தித் திரிந்தவர். அந்த வேட்டைகளைப் பற்றியே புத்தகம் எழுதினார். 1855ல் இலங்கையை விட்டுப் போய், பின்னர் நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆபிரிக்காவில் அலைந்து, 1864ல் அல்பேட் ஏரியை அடைந்தார். பேராற்றின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்ற மனிதரின் பெயரை இங்கே ஓர் ஆற்றின் ஊற்றருகே உள்ள அருவி சுமக்கிறது. அவர் கொன்ற மரைகளை எண்ணினால், இதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றும்.

அருவியைத் தாண்டிய நீர் என்னவாகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் படத்துக்கு முழு உருவம் வரும். பெலிஹுல் ஓயா மேட்டுநிலத்தை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, கீழே வளவை கங்கையோடு சேர்கிறது. சேருமிடத்துக்குச் சற்றுக் கீழேதான் சமனலவெவ அணை. 1992ல் இயங்கத் தொடங்கிய அங்குள்ள மின்நிலையத்தின் திறன் 120 மெகாவாட். அதற்கும் கீழே உடவளவ நீர்த்தேக்கம், அதன் வாய்க்கால்களில் நெல் வயல்கள். மிகுதி அம்பலாந்தோட்டையருகே கடலில் விழுகிறது. அதற்கு முன் இந்த நீர் மின்சாரமாகிறது, பிறகு சோறாகிறது. உலக முடிவிலிருந்து நீங்கள் பார்த்த இரண்டு வெள்ளித் தகடுகளிலும் இந்த அருவியின் நீர் இருக்கிறது.

திரும்பும் மூன்றரை கிலோமீற்றர் பெரும்பாலும் திறந்த வெளி. இங்கே இன்னொன்றும் கண்ணில் படும். காட்டின் ஓரங்களிலும் நடுவிலும், இலையில்லாமல் வெளுத்து நிற்கும் மரங்கள். வயதாகி ஒன்றிரண்டு விழுவது இயல்பு. இங்கே 1970களின் பிற்பகுதியிலிருந்து திட்டுத் திட்டாகக் காடு காய்ந்து மடிவதை ஆய்வாளர்கள் கவனித்து வருகிறார்கள். மண்ணின் தன்மை, வறட்சி, காற்றோடு வரும் மாசு, நோய்க்கிருமி என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். ஒரே காரணத்தைக் கைகாட்டி முடிக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. மடிந்த திட்டில் வெயில் நேரே தரையில் விழுகிறது, பாசி காய்கிறது, நாற்று பிடிப்பதில்லை. மூடுபனி அதன் வழியாகச் சொட்டாமல் கடந்து போகிறது.

மஞ்சள் பூவோடு முள் நிறைந்த ஒரு புதர் வழியில் அழகாகத் தெரியும். அதுவும் ஆங்கிலேயர் கொண்டுவந்த கோர்ஸ் செடி. ஒருமுறை பிடித்த இடத்தில் புல்லையும் நாட்டுச் செடியையும் தலையெடுக்க விடாது. தொண்டர்கள் வந்து வேரோடு பிடுங்குகிறார்கள், விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடிருப்பதால் திரும்பத் திரும்ப முளைக்கிறது. ஃபார் இன் பக்கத்துப் புல்வெளியின் ஒரு பகுதியில் 1960களில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்த நிலம் பழைய புல்லுக்கு முழுதாகத் திரும்பவில்லை. இவ்வளவு குளிரில் மண் மெதுவாகத்தான் ஆறும். வறட்சிக் காலத்தில் ஒரு சிகரட் துண்டு போதும், காய்ந்த பத்தனை முழுதும் பற்றிக்கொள்ளும். தீ காட்டோரத்தைத் தின்றுவிட்டால், அந்தக் காடு திரும்பி வர நமக்கு ஆயுள் போதாது.

தெளிந்த காலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் சிறந்தவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை காட்சி கிடைப்பது அரிது, ஆனால் முகில்காட்டை அதன் முழு வேலையோடு பார்க்க அந்த மாதங்கள்தான் பொருத்தம். எந்த மாதமானாலும் விடியலில் குளிர்ச்சட்டையும் தொப்பியும் வேண்டும். பத்து மணிக்கு மேல் மேகம் விலகினால் மலை வெயில் தோலைச் சுட்டுவிடும், குளிர் இருப்பதால் சுடுவது தெரியாது. மழைச்சட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றராவது. பாதையில் கடை எதுவும் கிடையாது.

ஒஹியவுக்குக் கால்நடையாக இறங்குபவர்கள், அன்று அந்த வழியால் நடந்து போகலாமா என்று காலையிலேயே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகல் ஒரு மணிக்குள் ஃபார் இன்னை விட்டால் இரண்டரை மணி நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே நிலையத்தை அடையலாம். வழி முழுதும் இறக்கம், வாகனங்கள் குறைவு. முதல் பாதி காட்டுக்குள்ளேயே போகும், பிறகு பள்ளத்தாக்கு திறந்து ரயில் பாதை கீழே தெரியும். மழை பிடித்துவிட்டால் பிடிவாதம் வேண்டாம், தரிப்பிடத்தில் நிற்கும் ஏதாவது ஒரு வாகனத்தில் இடம் கேட்டு ஏறிவிடுங்கள்.